தண்ணீரமுது

திருமலையில் மார்கழியை ஒட்டி 25 நாட்கள் அத்யயன உற்சவம் நடைபெறுகிறது. நாலாயிர திவ்யப் பிரபந்தம் ஓதி நிறைவுற்ற மறுநாள் எளிய விழா ஒன்று வரும். அதுவே தண்ணீரமுது உற்சவம். ஆசார்ய புருஷர்களும் அர்ச்சகர்களும் ஆகாச கங்கையின் தீர்த்தத்தைக் குடங்களில் தலைமேல் சுமந்து வருவர். மூலவரின் திருவடிகளுக்கு அந்நீரால் திருமஞ்சனம் நடைபெறும்.

இவ்விழாவின் நாயகர் திருமலை நம்பி. ஆளவந்தாரின் சீடர், ஸ்ரீராமானுஜரின் தாய்மாமன், திருப்பதி அடிவாரத்தில் ஓராண்டு அவருக்கு ஸ்ரீமத் ராமாயணத்தின் உட்பொருளை உபதேசித்த ஆசாரியர். இத்தகைய அறிஞர் தமக்கென ஏற்ற பணி, நாள்தோறும் தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து பெருமாளின் திருமஞ்சனத்திற்கு நீர் சுமப்பதாகும்.

முதுமையிலும் அப்பணி தொடர்ந்தது. ஒருநாள் வழியில் வேடன் ஒருவன் "தாத" என்று அழைத்துத் தாகத்திற்கு நீர் கேட்டான் என்பது சம்பிரதாய வரலாறு. 'தாத' என்றால் தந்தை. இது பகவானுக்குரிய நீர் என்று நம்பி மறுத்து நடந்தார். வேடனோ பின்னால் வந்து, அம்பினால் குடத்தைத் துளைத்துப் பருகினான். குடம் வெறுமையானதை உணர்ந்த நம்பி, ஆராதனை வேளை தவறுமே என்று கலங்கினார். வேடன் மலைப்பாறையில் ஓர் அம்பு எய்தான். அங்கே ஆகாச கங்கை பொங்கிற்று. வந்தவன் வேங்கடவனே என்று நம்பி உணர்ந்தார். அன்று முதல் அத்தீர்த்தமே திருமஞ்சனத்திற்கு உரியதாயிற்று.

நீர் கொணர்வதையே வழிபாடாகக் கொள்வது பிற சமயங்களிலும் உண்டு. பண்டைய ஜெருசலேம் ஆலயத்தில், யூதர்கள் சுக்கோத் என்னும் கூடாரத் திருவிழாவின் ஏழு நாட்களிலும் சீலோவாம் குளத்து நீரை முகந்து வந்து பலிபீடத்தில் வார்த்தனர். நீர் முகக்கும் அந்நாட்களின் இரவுகள் விளக்கொளியிலும் ஆடல் பாடலிலும் கழிந்தன. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் அச்சடங்கு நின்றது. அதன் மகிழ்ச்சியை மட்டும் யூதர்கள் இன்றும் அவ்விழாவில் கொண்டாடுகின்றனர்.

எல்லாம் நிறைந்த இறைவனுக்குத் தாகம் ஏது? நீர் அவனுக்குத் தேவையில்லை. நீரைச் சுமந்த அன்பே அவன் பருகியது. ஆயினும் அவன் ஏன் வேடனாக வந்தான்? சந்நிதியில் காத்திருப்பவனும் வழியில் தாகத்தோடு நிற்பவனும் ஒருவனே என்று காட்டவே எனலாம். நம்பியின் மறுப்பு குற்றமன்று. அது பணியில் கொண்ட உறுதி. ஆனால் அந்த உறுதியோடு, எதிரே வரும் உயிரில் இறைவனைக் காணும் கண்ணும் சேரும்போதே கைங்கர்யம் நிறைவடைகிறது. பூஜைக்குக் குடம் நிரப்பும் கரங்கள், தாகத்தோடு வருபவரின் முகத்தையும் பார்க்கட்டும்.