கோர்ட்டுக்கு வந்த பஞ்சாங்கம்

நேரில் பார்த்த சாட்சியே இருக்கும்போது, எதிரித் தரப்பு வக்கீல் காட்டும் காகிதத்துக்கு என்ன மதிப்பு?
— ஒரு வாசகர், தேனி

சமயத்தில் ஓர் உயிரின் மதிப்பு, தேனிக்காரரே!

1858 மே மாதம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியர்ட்ஸ்டவுன் கோர்ட். கொலை வழக்கில் சிக்கிய டஃப் ஆம்ஸ்ட்ராங்குக்காக வாதாடியவர், பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன். பழைய நண்பரின் மகன் என்பதால் ஃபீஸ்கூட வாங்கவில்லை. இரவு 11 மணி வாக்கில், சுமார் 150 அடி தூரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்ததாக முக்கிய சாட்சி சொன்னார். நிலா உச்சியில் இருந்ததாக அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த லிங்கன், சாவகாசமாக, சம்பவம் நடந்த 1857-ஆம் ஆண்டின் பஞ்சாங்கத்தை நீட்டினார். அந்த நேரத்தில் நிலா மறையப் போய்க்கொண்டிருந்தது! கொலை ஆயுதமாகக் காட்டப்பட்ட, வார் கட்டிய குண்டோ தன்னுடையது என்று வேறொருவர் கூண்டேறிச் சொன்னார். ஆம்ஸ்ட்ராங் விடுதலையானார்.

பஞ்சாங்கமே போலி என்று கிளம்பிய புரளியைப் பிற்கால வானியல் கணக்குகள் பொய்யாக்கிவிட்டன.

நம் செஷன்ஸ் கோர்ட்டிலும் எதிரித் தரப்பு இப்படிக் காகிதம் காட்ட வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 256-ஆம் பிரிவின்படி, எதிரி தன் தரப்புச் சாட்சியையோ ஆவணத்தையோ வரவழைக்கக் கேட்கலாம். இழுத்தடிக்கும் நோக்கம் போன்ற காரணங்களுக்காகவே நீதிபதி மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்.