பென்டிரைவ் எவ்வளவு கரண்ட் கேட்கும்?

 

போன வாரம் கம்ப்யூட்டர் லேபில் எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி அவ அண்ணனோட பென்டிரைவைக் கொண்டுவந்து ஹப்பில் சொருகினாள். வேலை செய்யலை. "நீதான் கீழ போட்டு உடைச்சிருப்ப" என்று எல்லாரும் சொல்லிட்டோம். வீட்டில் அடி விழுமே என்று அவள் அழுதுவிட்டாள். டீச்சர் வந்து அதையே கம்ப்யூட்டரில் நேராகச் சொருகினாங்க. உடனே திறந்தது! ஏன் தெரியுமா?

கேள்வியும் பதிலும்

யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் 5 வோல்ட் வரும். எந்தக் கருவியும் முதலில் 100 மில்லி ஆம்பியர் வரைதான் எடுக்கலாம். பிறகு கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) "உனக்கு அதிகபட்சம் எவ்வளவு வேணும்?" என்று கேட்கும். கருவி ஓர் எண்ணைச் சொல்லும். அதை 2-ஆல் பெருக்க வேண்டும்.

எண் 50 என்றால் 100 மில்லி ஆம்பியர்
எண் 100 என்றால் 200 மில்லி ஆம்பியர்
எண் 250 என்றால் 500 மில்லி ஆம்பியர் (இதுதான் உச்ச வரம்பு)

ஹப் கணக்கு

எங்க ஹப்புக்குத் தனி அடாப்டர் கிடையாது. கம்ப்யூட்டர் தரும் 500-ல் தனக்கு 100 வைத்துக்கொண்டு, 4 போர்ட்டுக்கும் 100, 100 என்று பிரிக்கும். அந்த பென்டிரைவ் கேட்டதோ 200! எங்க லேபில் ஓடுவது லினக்ஸ். அதன் கெர்னல் 'மின்சாரம் போதாது' என்று குறித்துவிட்டு, பென்டிரைவை இயக்காமல் விட்டுவிட்டது. அவ்வளவுதான்!

எண்ணை எழுதுவது யார்?

கருவியைச் செய்பவர்தான். லினக்ஸ் ஓடும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையே யு.எஸ்.பி. கருவியாக மாற்றும்போது, கெர்னல் அமைப்பில் 2 முதல் 500 வரை மில்லி ஆம்பியர் அளவு கொடுக்கலாம். நாம் எதுவும் கொடுக்கலைன்னா 2 என்று இருக்கும். சொந்தமாக அடாப்டர் உள்ள கருவிக்கு அது சரி. யு.எஸ்.பி. வழியா பேட்டரி சார்ஜ் ஆகணும்னா உண்மையான தேவையை எழுதணும்.

ஞாபகம் வைக்க: எண்ணை எழுதினால் மட்டும் கரண்ட் அடங்காது. குறைத்து எழுதி அதிகம் எடுத்தால் பக்கத்துக் கருவிகளுக்கு வோல்ட் இறங்கும். கூட்டி எழுதினால் ஹப்பில் இடமே கிடைக்காது.

அவளிடம் நாங்க எல்லாரும் ஸாரி கேட்டோம். இனி ஒரு பென்டிரைவ் ஹப்பில் ஓடலைன்னா, ஆளைத் திட்டாதீங்க. முதலில் நேராகச் சொருகிப் பாருங்க!

- 9-ஆம் வகுப்பு மாணவி