‘குடுமி’ – ஒரு சொல், பல பொருள்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும்
அலகு: சொல்லும் பொருளும்

மாணவர்களே! அல்லைப்பிட்டியில் ஓர் அம்மம்மா தம் பேரனைப் பார்த்துச் சொல்கிறார்: “தம்பி, குடும்பி கட்டுற அளவுக்கு முடி வளத்து வைச்சிருக்கிறாய். போய் வெட்டிக்கொண்டு வா.” அந்தப் பேரன் பரீட்சையில் கட்டுரை எழுதும்போது ‘குடும்பி’ என்று எழுதலாமா, ‘குடுமி’ என்றுதான் எழுத வேண்டுமா? வீட்டில் கேட்டுப் பழகிய சொல் பிழையான சொல்லா? இப்பாடத்தின் முடிவில் இதற்கு விடை காண்போம்.

1. அடிப்படைப் பொருள்

ஆண்கள் தலைமயிரை வளர்த்து முடிந்த முடிச்சே குடுமி ஆகும். பின்னந்தலையில் முடிவது பின்குடுமி. முன்னந்தலையில் முடிவது முன்குடுமி. சிதம்பரம் தில்லைவாழ் அந்தணர்கள் இன்றும் முன்குடுமி வைக்கின்றனர்.

ஒத்த சொற்களைத் தெரிவு செய்யும்போது கவனம் வேண்டும்:
குடுமி – ஆண்கள் முடிவது.
கொண்டை – பெரும்பாலும் பெண்கள் முடிவது.
பின்னல் – மயிரைப் பிரித்துப் பின்னுவது.
சடை – துறவியரின் திரண்ட மயிர்; பெண்களின் பின்னலையும் குறிக்கும்.
சிகை – தலைமயிர், குடுமி. இது வடசொல்.

2. பொருள் விரிந்த விதம்

குடுமி தலையின் உச்சிப் பக்கத்தில் இருப்பது. சிறிதாகத் திரண்டு நீண்டிருப்பது. இந்த இடமும் வடிவமும் வேறு பொருள்களிலும் காணப்படுவதால் அவற்றுக்கும் இப்பெயர் வழங்கியது.

(அ) மலையுச்சி: காளத்தி மலையில் கண்ணப்பர் வழிபட்ட இறைவனுக்குக் குடுமித்தேவர் என்று பெயர். வடமொழியிலும் ‘சிகை’, ‘சிகரம்’ என்பன ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பதைக் காண்க.

(ஆ) பறவையின் உச்சிக் கொண்டை: குடுமிக் கழுகு என்ற பெயர் இவ்வாறு அமைந்தது.

(இ) கதவின் சுழலும் முனை: பழைய வீடுகளின் கனத்த மரக்கதவுகள் சிலவற்றில் இரும்புப் பிணைச்சல் இல்லை. கதவின் மேலும் கீழும் நீட்டிவிடப்பட்ட முனைகள் குழிகளில் பொருந்திச் சுழலும். அம்முனையும் குடுமி எனப்படும்.

(ஈ) தேங்காயின் நார்க்கற்றை: கண் உள்ள பக்கத்தில் நாரை விட்டு உரித்தால் அது குடுமித் தேங்காய். கும்பத்துக்கு வைக்கும் இத்தேங்காயை நம்மவர் ‘முடித்தேங்காய்’ என்பர்.

3. பெயர்களில் குடுமி

சங்ககாலப் பாண்டிய மன்னருள் ஒருவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. புறநானூற்றில் காரிகிழார், நெட்டிமையார் முதலியோர் இவனைப் பாடியுள்ளனர். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடும் இவனைக் குறிப்பிடுகின்றது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலை, இசைக் கல்வெட்டால் புகழ்பெற்றது. அங்குள்ள இறைவன் பெயர் சிகாநாதர். இறைவன் குடுமியுடன் தோன்றினார் என்பது தலக்கதை. குடுமி என்பதற்கு மலையுச்சி என்ற பொருளும் இருப்பதால், உச்சியில் உறைபவன் என்றும் பெயருக்கு விளக்கம் கூறலாம். ஒரே பெயருக்கு இரு விளக்கம் தோன்றக் காரணம் சொல்லின் பல பொருள் தன்மையே.

நம் நாட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் குடும்பிமலை உள்ளது. தமிழர் அம்மலையைக் குடும்பியாகக் கண்டனர். சிங்களத்தில் அது தொப்பிகல, அதாவது தொப்பிக்கல். ஆங்கிலேயரும் அதைத் தொப்பி என்றே பெயரிட்டனர். பாறை ஒன்றுதான், பார்த்தவர் தத்தம் தலையில் இருந்ததை அதில் கண்டனர். இடப்பெயர்கள் நிலத்தின் தோற்றத்தைச் சொல்வது வழக்கம். அல்லைப்பிட்டி என்பதில் உள்ள ‘பிட்டி’யும் மேட்டு நிலத்தைக் குறிப்பதே.

4. மரபுத்தொடரும் பழமொழியும்

குடுமிப்பிடிச் சண்டை – விட்டுக்கொடாத கடும் சண்டை.
எ-டு: காணி எல்லைக்காக அண்ணனும் தம்பியும் குடுமிப்பிடிச் சண்டை போட்டனர்.

குடுமி ஒருவர் கையில் இருத்தல் – அவரது கட்டுப்பாட்டில் அகப்பட்டிருத்தல்.
எ-டு: கடன் வாங்கியபின் அவன் குடுமி முதலாளியின் கையில்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? – பயன் கருதாமல் ஒருவர் ஒன்றைச் செய்யமாட்டார்.
‘சும்மாடு ஆகுமா’ என்பதே திரிந்தது என்று கூறுவாரும் உளர். சும்மாடு என்பது சுமை தூக்குவோர் தலையில் வைக்கும் துணிச்சுருள். பரீட்சையில் பொருள் கேட்டால் இன்று வழக்கில் உள்ள பொருளையே முதலில் எழுதுக.

கவனிக்க: இத்தொடர்களில் உண்மையான மயிர்முடிச்சு இல்லை. குடுமி வைக்கும் வழக்கம் குறைந்த பின்னரும் சொல் மொழியில் வாழ்கின்றது.

5. குடுமியா, குடும்பியா?

‘குடும்பி’ நம் பேச்சு வழக்கு. மலையின் பெயரிலேயே அது நிலைத்திருப்பதால் அதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. ஆயினும் எழுத்து வழக்கில் ‘குடும்பி’ என்பதற்குக் குடும்பத்தை உடையவன் என்ற வேறு பொருள் உண்டு. “அவர் ஒரு குடும்பி” என்று எழுதினால் வாசிப்பவர் இல்லறத்தார் என்றே கொள்வர்.

எனவே, கட்டுரையில் உங்கள் கூற்றாக எழுதும்போது ‘குடுமி’ என எழுதுக. உரையாடலில் அம்மம்மாவின் பேச்சை எழுதும்போது ‘குடும்பி’ என்றே மேற்கோட்குறிக்குள் எழுதுக. அங்கே ‘குடுமி’ என்று திருத்தினால் அவரது குரல் போய்விடும். இடமறிந்து சொல்லை வழங்குவதே மொழித்திறன்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களில் ‘குடுமி’ உணர்த்தும் பொருளை எழுதுக.
1. முகில்கள் மலையின் குடுமியைத் தழுவின.
2. குடுமி தேய்ந்ததால் கதவு கிறீச்சிட்டது.
3. இரகசியம் தெரிந்தவன் கையில் அவன் குடுமி இருந்தது.
4. பூசகர் குடுமியை அவிழ்த்து முடிந்தார்.

விடைகள்: 1. உச்சி 2. கதவு சுழலும் முனை 3. கட்டுப்பாடு (மரபுத்தொடர்) 4. மயிர்முடிச்சு

விடை காணும் வழி: சொல்லை மட்டும் பாராது, அதனோடு வரும் வினையையும் பாருங்கள். தழுவின, தேய்ந்தது, அவிழ்த்தார் ஆகிய வினைகளே பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன.