பெற்றோருக்குத் தோட்ட வண்டி: வாங்கும் முன் எதை அளப்பது?

பல ஊர்களில் இப்போது இதுதான் நிலை. பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறார்கள். தோட்டத்தைப் பார்ப்பது எழுபதைத் தாண்டிய அப்பாவும், முழங்கால் வலியோடு நடமாடும் அம்மாவும்தான். பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், "இனி நடக்க வேண்டாம், ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துடலாம்" என்று கூடிப் பேசுகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கிலோ இழுக்கும், லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்றெல்லாம் விசாரித்து வாங்கியும் விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வண்டி சாளையில் தூசி படிந்து நிற்கிறது. கேட்டால், "ஏறிடறேன் சாமி, இறங்கத்தான் முடியல" என்கிறார் பெரியவர்.

இது வெறும் வண்டிச் செலவு பற்றிய பேச்சு அல்ல. இயற்கை வேளாண்மை தினமும் பார்த்துச் செய்கிற வேளாண்மை. இலையின் அடியில் பூச்சி முட்டை இருக்கிறதா, மூடாக்குக்குக் கீழே ஈரம் இருக்கிறதா, எந்தச் செடியை விதைக்கு விடலாம் என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. பெரியவர்களின் கால் தோட்டத்துக்குப் போவது நின்றால், முதலில் நிற்பது அந்தப் பார்வை. பிறகு நிலம் குத்தகைக்குப் போகும். குத்தகைக்கு எடுத்தவர் மூட்டை உரத்தோடு வருவார். பத்து வருடம் தேற்றிய மண் இரண்டு போகத்தில் பழையபடி ஆகிவிடும். அதனால் வண்டியைத் தேர்வு செய்வதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம். அளக்க வேண்டியவை மூன்று: வேலை, உடம்பு, பாதை. விலைப்பட்டியல் நான்காவதாக வரட்டும்.

1. வேலையை அளப்பது

ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்கு எழுதுங்கள். என்ன பொருள், எத்தனை கிலோ, எங்கிருந்து எங்கே, நாளுக்கு எத்தனை தடவை. எழுதி முடித்ததும் வேலை இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

ஒன்று, தினசரிச் சிறு பாரம். மாட்டுக்கு ஒரு கட்டுப் பசுந்தீவனம், பால் கேன், ஒரு கூடை காய்கறி, மண்வெட்டி, சோற்றுத் தூக்கு, அதோடு பெரியவரின் சொந்த எடை. எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 150 கிலோவைத் தாண்டாது.

இரண்டு, பருவத்துக்கு ஒருமுறை வரும் பெரும் பாரம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் அளவு. 300 கிலோ ஏற்றும் சிறு வண்டியில் அதைக் கொண்டுபோனால் ஒரு ஏக்கருக்கே 17 நடை. அதற்கு ஆள் வைத்து, வாடகை டிராக்டரில் ஒரே நாளில் அடித்துவிடுவதுதான் கணக்கு. வருடத்தில் நாலு நாள் வரும் வேலைக்காகப் பெரிய வண்டி வாங்கி, மீதி நாளெல்லாம் அதன் மேல் பெரியவரை ஏற வைப்பது சரியில்லை. வண்டியைத் தினசரி வேலைக்கு வாங்குங்கள்.

சில வேலைகளுக்கு வண்டியே வேண்டாம். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால் டிரம்மோடு சேர்த்து 200 கிலோவுக்கு மேல். பாதி நிறைந்த டிரம் இன்னும் மோசம். திரும்பும்போது உள்ளே இருக்கும் நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். டிரம்மைத் தொட்டி ஓரத்தில் நிரந்தரமாக வைத்து, குழாய் மூலம் பாசன வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக விட்டால் தண்ணீரே வயலுக்குக் கொண்டுபோய்விடும். அதேபோல எருக்குழியை மாட்டுக் கொட்டகைக்கும் காய்கறிப் பாத்திக்கும் நடுவில் அமைத்தால் பாதி நடை குறையும். 50 கிலோ மூட்டையை 25 கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள்.

2. உடம்பை அளப்பது

இதற்குத் தேவை ஒரு அளவு நாடாவும் நாலைந்து செங்கலும். நம்ம ஊர் செங்கலின் கனம் சுமார் 3 அங்குலம். இரண்டை அடுக்கினால் 6 அங்குலம், மூன்றை அடுக்கினால் 9 அங்குலம். ஆடாதபடி அடுக்கி, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, அப்பாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எதையும் பிடிக்காமல் வலியின்றி எத்தனை செங்கல் உயரம் ஏறுகிறாரோ, அதுவே வண்டியின் முதல் படிக்கு மேல் வரம்பு. ஏறுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இறங்குவதுதான் கஷ்டம்.

அடுத்தது இருக்கை. தரையிலிருந்து முழங்காலின் உட்பக்க மடிப்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் தளத்திலிருந்து இருக்கை இந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழ முடியாது. மேலே இருந்தால் கால் ஊன்றாது. இருசக்கர வண்டி என்றால் இந்தக் கணக்கு மாறும். உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் தொட்டால் அந்த வண்டி வேண்டாம்.

காலை மறுபக்கம் தூக்கிப் போட வேண்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்கும், வேட்டியோ சேலையோ கட்டியவர்களுக்கும் பைக் ஆகாது. முன்னால் கால் நுழைக்க இடம் இருக்கும் மொபெட்டோ, பக்கவாட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொள்ளும் மூன்று சக்கர வண்டியோதான் சரி.

வெளியே தெரியாத குறைகளும் உண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாது. அவருக்குக் கையால் பிடிக்கும் பிரேக் நல்லது. விரல் மூட்டு வீங்கியவருக்குக் கை பிரேக் இறுக்கமாக இருக்கக் கூடாது. கழுத்து திரும்பாதவருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். கண்புரை இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகு வண்டி. மயக்கமோ வலிப்போ வருபவர் ஓட்டவே கூடாது. அவர் உட்கார்ந்து வர வசதியான வண்டியைத் தேடுங்கள், வேறொருவர் ஓட்டட்டும்.

3. பாதையை அளப்பது

சாளையிலிருந்து கடைசி வயல் வரை நாடாவோடு ஒருமுறை நடந்து வாருங்கள். மிகக் குறுகலான இடம் எத்தனை அடி, கேட் எத்தனை அடி, வாய்க்காலைக் கடக்கக் கல் பாலம் இருக்கிறதா, கரிசல் மண் என்றால் மழைக்குப் பிறகு எந்த இடத்தில் சக்கரம் புதையும் என்று எழுதுங்கள். வண்டியின் அகலத்தைவிடப் பாதை இரண்டு பக்கமும் ஒரு முழமாவது கூடுதலாக இருக்கட்டும். கிணற்று மேட்டை ஒட்டிய பாதையானால் வண்டி வாங்கும் முன் கட்டைச்சுவர் கட்டுங்கள்.

மேடு ஏறும் இடத்தில் 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம் என்பது நல்ல அளவு. சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதைக்கு வைத்திருக்கும் கணக்கும் இதுதான். பெரியவர் இறங்கி நடக்க வேண்டி வந்தாலும் தடுமாற மாட்டார்.

இன்னொன்று: வண்டி ஒரே பாதையில்தான் ஓட வேண்டும். வயலுக்குள் இறங்கினால் மண்புழுவும் மூடாக்கும் இளக்கி வைத்த மண் இறுகிவிடும். பாதையில் தேங்காய் மட்டையும் சரளையும் போட்டு வையுங்கள்.

4. இனி வண்டிகளைப் பார்ப்போம்

*மொபெட்:* நம் கிராமங்களுக்கு 1980-இல் வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசுகள்தான் இன்றும் தோட்டங்களில் ஓடுகின்றன. கியர் இல்லை, எடை குறைவு, முன்னால் மூட்டை வைக்க இடம், எந்த ஊரிலும் மெக்கானிக். இரு கால் ஊன்றி நிற்க முடிகிறவரைக்கும் இதைவிடச் சிக்கனமான வண்டி கிடையாது. உதைத்துக் கிளப்புவது முழங்காலுக்கு ஆகாது, பட்டன் ஸ்டார்ட் உள்ளதாக வாங்குங்கள். முன்னால் மூட்டை வைத்தால் காலுக்கு இடம் இல்லாமல் போகும். பாரம் பின்னால் போகட்டும்.

*துணைச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்:* நிறுத்தினாலும் விழாது. ஆனால் அகலம் கூடிவிடுவதால் வரப்பில் போகாது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுக்கச் சாயும். சமமான வண்டிப்பாதைக்கு மட்டும். மாற்றம் செய்ததைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

*மூன்று சக்கர மின் சரக்கு வண்டி:* தாழ்வான தளம், கிளட்ச் கிடையாது, ரிவர்ஸ் உண்டு, சத்தம் இல்லாததால் மாடு மிரளாது. சமதளத் தோட்டத்தில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். சட்டம் 'இ-கார்ட்' என்று சொல்லும் வகைக்கு வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், பாரம் 310 கிலோ என்று வரம்பு இருக்கிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் திருப்பத்தில் பிரேக் அடித்தால் கவிழும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். ஈரக் கரிசலில் மெல்லிய சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

*பவர் டில்லர் + டிரெய்லர்:* இருக்கை தாழ்வாகத்தான் இருக்கும், ஆனால் பிடிக்க பலம் வேண்டும். சரிவில் இறங்கும்போது ஒரு பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப் பக்கம் திரும்பும். பழகிய இளைஞர்களே இதில் தடுமாறுவார்கள். வயதானவருக்கு வேண்டாம்.

*சிறு டிராக்டர்:* 'சின்ன டிராக்டர்தானே' என்று நினைக்காதீர்கள். ஏறும் படி, கிளட்ச் மிதிக்கும் பலம், கவிழும் அபாயம் மூன்றும் இருக்கின்றன. கயிற்றையோ சங்கிலியையோ கொக்கிக்கு மேலே உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகப் புரண்டுவிடும். அம்மாவை மட்கார்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம், அதை விட்டுவிடுங்கள். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இடம்.

*குட்டி யானை:* 2005-இல் டாடா ஏஸ் வந்தபிறகு சந்தைக்குக் காய் கொண்டுபோவது சுலபமானது உண்மை. கேபினில் பெல்ட் போட்டு உட்காரலாம். தோட்டத்துக்குள்ளே இதன் வேலை குறைவு. வாரம் இரண்டு நாள் சந்தை என்றால் வாடகைக்கு வைத்துக்கொள்வதே போதும்.

எந்த வண்டியானாலும் பாரம் ஏற்றும் தட்டு பெரியவரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் குனிய வேண்டும், உயர்ந்தால் தூக்க வேண்டும். இரண்டும் முதுகுக்குக் கேடு.

5. உரிமம், மின்சாரம், ரிப்பேர்

55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்றும் வாங்க வேண்டும். பலர் அப்பாவின் உரிமம் எப்போது முடிந்தது என்றே பார்ப்பதில்லை. 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு மேற்படாத மின் இருசக்கர வண்டிக்கு மட்டும்தான் பதிவும் உரிமமும் தேவையில்லை. மூன்று சக்கர மின் வண்டிக்கு இரண்டும் வேண்டும்.

மின் வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்யுங்கள். விவசாய இலவச மின்சாரம் பம்ப்செட்டுக்கு உரியது, வண்டிக்குப் பயன்படுத்தினால் இணைப்புக்கே வம்பு. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 4.8 யூனிட் கொள்ளும். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு முழுச் சார்ஜுக்கு ஆறு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடம் வேண்டும், வைக்கோல் போர் பக்கத்தில் கூடாது. தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால், விலை கூடினாலும் லித்தியம் பேட்டரி நல்லது.

பத்து கிலோமீட்டருக்குள் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டால் பெரியவர் அதைத் தள்ளப் போவார்.

6. வாங்கும் முன் அரைநாள் சோதனை

கடை வாசலில் ஓட்டிப் பார்ப்பது போதாது. அதே வகை வண்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் அரைநாள் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முகவரைத் தோட்டத்துக்கே வரச் சொல்லுங்கள். "அப்பா, நீங்களே ஏறிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் கவனியுங்கள்.

- தினமும் கட்டும் வேட்டியோடும் செருப்போடும் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். முதல் முறை எல்லோருக்கும் முடியும், பத்தாவது முறைதான் உண்மை சொல்லும்.
- இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பிடிமானத்தில் இருக்கும்படி இறங்க முடிகிறதா?
- வழக்கமான பாரத்தோடு மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்ப முடிகிறதா?
- ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் தெரிகிறதா?
- அம்மா உட்கார்ந்து வர முதுகுச் சாய்வோடு இடம் இருக்கிறதா?
- மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது? இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிடி இல்லாத இடத்தில் இரும்புப் பட்டறையில் ஒரு கைப்பிடியும் ஒரு தாழ்ந்த படியும் பற்றவைத்து வாங்கலாம். வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் வண்டி நிற்கும் இடத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு திண்டு கட்டினால் ஏறும் உயரம் அந்த அளவுக்குக் குறையும். பல நேரங்களில் புது வண்டி கூடத் தேவைப்படாது, இருக்கிற வண்டியே உதவும்.

கடைசியில் எந்த வண்டி என்பதை ஓட்டப் போகிறவரே சொல்லட்டும். பணம் நாம் கொடுத்தாலும் ஏறி இறங்குவது அவர். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது வண்டிக் கடைக்குப் போவதற்கு முன்னால், நோட்டும் அளவு நாடாவும் நாலு செங்கலும் எடுத்து வையுங்கள்.