ஊசிக்குழலில் ஒரு கோடு



"கம்பவுண்டர்" என்ற சொல்லை நம் பாட்டனார் காலத்தவர் நன்கறிவர். டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் மருந்தைக் கலப்பார். சீசாவின் மேல் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளவு காட்டுவார். அந்தக் காகிதம் எத்துணை பெரிய காப்பு என்பதைக் காளிகாட்டில் நான் செய்த ஒரு பிழையால் உணர்ந்தேன். அதனையே இங்குப் பாடமாக எழுதுகிறேன்.

என் அறையில் தங்கியிருந்த அண்ணன் ஒருவர் சற்றுப் பருத்த உடலினர். தங்கையின் திருமணத்திற்குள் இளைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் பெயர்ச்சீட்டு இல்லாத சிறு புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே வெண்மையான பொடி. "செமாகுளூட்டைடு தம்பி. கம்பெனி மருந்தேதான், தனியாகக் கலந்து விற்கிறதாலே விலை குறைவு. நீ கெமிஸ்ட்ரி படிக்கிறவனாச்சே, அளந்து கொடு" என்றார். பொடி 5 மில்லிகிராம், அதை 1 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும், முதல் வாரத்திற்கு 0.25 என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். மருத்துவர் சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. என் படிப்பை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்ற பெருமை கண்ணை மறைத்தது. இன்சுலின் ஊசிக்குழலில் 25 என்ற கோடு வரை இழுத்துக் கொடுத்தேன்.

பிழை எங்கே? கணக்கைப் பாருங்கள். அந்தக் குழலில் 100 யூனிட் என்பது 1 மில்லிலிட்டர். எனவே 25 யூனிட் என்பது கால் மில்லிலிட்டர். அதில் இருக்கும் மருந்து 1.25 மில்லிகிராம். வேண்டியதோ 0.25 மில்லிகிராம், அதாவது 5 யூனிட். நான் கொடுத்தது ஐந்து மடங்கு! அதே பொடியை 2 மில்லிலிட்டர் நீரில் கரைத்திருந்தால் 10 யூனிட் எடுக்க வேண்டும். கரைசல் மாறினால் கோடும் மாறும். யூனிட் கன அளவைக் காட்டுமேயன்றி மருந்தின் எடையைக் காட்டாது.

அன்றிரவே வாந்தி தொடங்கிற்று. மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே, தவறிப் போட்ட ஊசியை உடனே திரும்பப் பெற வழியில்லை. மருத்துவர் என்னைக் கேட்ட முதற் கேள்வி, "புட்டியில் இருந்தது என்ன?" என்பது. "செமாகுளூட்டைடு என்று சொன்னார்கள்" என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை. அந்த நொடியில் நான் அடைந்த நாணம் இன்றும் நீங்கவில்லை.

மருந்து பொய்யன்று. 2021-இல் வெளியான பேராய்வு ஒன்றில், 68 வாரம் இதனைப் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர். வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 விழுக்காடே குறைந்தனர். ஆனால் அங்கே 0.25-இல் தொடங்கி, படிப்படியாக 2.4 மில்லிகிராம் வரை உயர்த்தினார்கள். அந்தப் படிகளே பாதுகாப்பு.

மருந்து கலப்பதும் குற்றமன்று. மாத்திரை விழுங்க இயலாத குழந்தைக்கு அதையே நீர்மமாக்கித் தருவது நற்பணி. அமெரிக்காவில் 2022 முதல் இம்மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கலப்பு மருந்தகங்கள் அதனைச் செய்து தரச் சட்டம் இடமளித்தது. எனினும், அத்தகைய கலவைகளை அந்நாட்டு மருந்துத் துறை விற்பனைக்கு முன் ஆராய்ந்து ஒப்புவதில்லை. 5 முதல் 20 மடங்கு வரை மிகுதியாகப் போட்டுக்கொண்டு பலர் துன்புற்றதாக 2024 ஜூலையில் அத்துறை எச்சரித்தது. எங்கள் அறையில் நேர்ந்த அதே பிழைதான்! 2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு தீர்ந்தது என்று அறிவித்து, அந்தச் சலுகைக்கும் முடிவு கட்டினார்கள்.

நம் நாட்டிலோ இவ்வகை ஊசிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. இக்கட்டுப்பாட்டின் வரலாற்றில் நாம் படிக்கும் இந்நகருக்கே பங்குண்டு. போலி மருந்துகளைப் பற்றி ஆராய 1930-இல் அமைந்த குழுவின் தலைவர் ஆர். என். சோப்ரா, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பேராசிரியர். அக்குழுவின் பரிந்துரைகளுக்குப் பின் வந்ததே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம். ஐயத்திற்குரிய மருந்துகளைச் சோதிக்கும் மத்திய மருந்து ஆய்வுக்கூடமும் இங்கே கிட் தெருவில்தான் இருக்கிறது. காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் சிறிது நேரப் பயணம். இவ்வளவு அருகில் இருந்தும் பெயரில்லாப் புட்டியை நம்பினேனே!

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்பவன். அன்று மருத்துவன் இல்லை. மருந்து இன்னதென்று தெரியவில்லை. கொடுப்பவனாகிய நானோ அளவறியாதவன். நான்கில் மூன்று பழுது. நோயாளி மட்டும் என்ன செய்வார்?

அண்ணன் நலமடைந்து திருமணத்திற்குச் சென்று வந்தார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. இப்போது மருத்துவரிடம் முறையாகச் செல்கிறார். மாலையில் ஏரிக்கரையில் நடக்கிறார். நானும் உடன் நடக்கிறேன்.

நண்பர்களே! நாளை உங்கள் அறைத்தோழரும் ஒரு புட்டியை நீட்டி, "நீதான் படித்தவனாயிற்றே" என்று சொல்லக்கூடும். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். சீட்டு எழுதியவர் யார்? செய்தவர் யார்? ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம்? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் படித்தவன் கடமையே.