ஒரு சரக்கு, மூன்று பெயர்

நாம் ஜவ்வரிசி என்போம். மும்பை வியாபாரி சாபுதானா என்பார். ஏற்றுமதியாளர் சேகோ என்பார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சேலத்துச் சரக்கை மூவரும் தேடுகிறார்கள். நம் இணையதளத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் மற்ற இருவர் கண்ணில் படுவது கடினம்.

எனவே மூன்றையும் அவரவர் மொழி எழுத்தில் சேர்ப்போம். அளவுக்கு மீறி அடுக்கினால் தேடுபொறி நம்மைப் பின்தள்ளும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தருவோம்.

கூகுள், பிங் இரண்டிலும் கடையை இலவசமாகப் பதியலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

முதலிடம் உறுதி என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பணத்துக்குக் கிடைப்பது விளம்பர இடமே. தேடல் வரிசையில் முதலிடம் விற்பனைக்கில்லை.