முதுகுப் பக்கம்

அன்புள்ள கயல்,

தியானம் பழகினால் டிசைன் நன்றாக வருமா என்று கேட்டிருந்தாய். மனம் அடங்கும், கை தேறுமா என்பது சந்தேகம்தான். பக்தி வேலைக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க ஆசையிருந்தால், கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள சுவாமிமலைக்குப் போய் வா.

அங்கே உலோகச் சாமி சிலை வார்க்கும் ஸ்தபதிக்கு முதல் பிடிமானம் தியான சுலோகம். எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், முகம் சாந்தமா உக்கிரமா, எல்லாம் அதில் வந்துவிடும். உங்கள் வகுப்பில் ‘பிரீஃப்’ என்பீர்களே, அதுதான். என்ன, இதைப் பேரம் பேசி மாற்ற முடியாது!

அடுத்தது அளவு. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம் என்ற அளவு முறை, 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் உன் ஸ்கேலில் கிடையாது. அந்தந்தச் சிலையின் உயரத்தைப் பங்கிட்டுப் பிறப்பது. அதனால் சாண் உயரச் சிலையும் ஆளுயரச் சிலையும் ஒரே விகிதத்தில் நிற்கும். இத்தனை கட்டுக்குள்ளும் இரண்டு ஸ்தபதிகளின் நடராஜர் ஒன்றுபோல் இருப்பதில்லை. எதைச் செய்வது என்ற கவலை முன்பே தீர்ந்துவிடுவதால், புத்தி முழுவதும் உதட்டோர வளைவிலும் விரல் நுனியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று நினைக்கிறேன்.

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்திவிட்டால் முகமும் கையும்தான் தெரியும். ஆனாலும் முதுகில் புரளும் சடை, பூணூலின் நெளிவு, தலைக்குப் பின்னுள்ள சிரசக்கரம் எல்லாவற்றையும் உளியால் முடித்துத்தான் அனுப்புவார்கள். ‘இதை யார் பார்ப்பார்?’ என்றால் ஸ்தபதியிடம் பதில் உண்டு. நீ சாமி கும்பிடாதவள். அந்தப் பதில் உனக்கு உதவாது. உனக்கான பதிலை நீதான் தேடவேண்டும். அது கிடைக்கும்வரை தியான வகுப்புக்குக் காசு கட்டாதே.

லீவுக்கு வா, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் போகலாம். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் அங்கேதான் இருக்கிறார். நோட்டும் பென்சிலும் மறக்காதே.

அன்புடன்,
மாமா